வெள்ளிக்கிழமை மீன்

"அப்பா மீன்கறியோடு சோறு சாப்பிட்டார். மருந்து போட்டார். பின்னேரம் நடந்தார். சந்தோஷமாக இருக்கிறார்."

இந்த நாலு வரியைத்தான் நான் ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்குக் கனடாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அங்கே அப்போது காலை, அவருடைய மகன் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். வட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழும், ஒரு கும்பிடுகிற கை வரும். அதோடு என்னுடைய அன்றைய கடமை முடிந்தது. அதற்குப் பதிலாக, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஐந்தாம் மாடியில் எனக்கென்று ஓர் அறை. வாடகை இல்லை. கம்பஸுக்கு வந்த மன்னார்ப் பெட்டைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், நினைக்க முடிந்த காலத்தில்.

மகனை நான் அண்ணா என்றும், அப்பாவை அங்கிள் என்றும் கூப்பிட்டேன். அங்கிளுக்கு எழுபத்தெட்டு வயது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். நாற்பது வருடம் கொட்டாஞ்சேனையில் இருந்த மனிதரை, மனைவி இறந்த பிறகு மகன் இந்த ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். லிஃப்ட் இருக்கிறது, கீழே செக்யூரிட்டி இருக்கிறது, அடுத்த தெருவில் டொக்டர் இருக்கிறார். மகன் சொன்னதெல்லாம் சரிதான். கதைக்க ஆள் இல்லை என்பது ஒன்றுதான் குறை, அதை நிரப்பத்தான் நான். வைத்த ஆளைக் கொஞ்சம் பார்த்து வைத்திருக்கலாம்.

நான் கம்பஸுக்குப் போகாமல் விட்டது முடிவெடுத்து அல்ல. நான் தமிழில் படித்து, எங்கள் பள்ளிக்கூடத்திலேயே கூடின மார்க்ஸ் எடுத்து வந்தவள். இங்கே லெக்சர் முழுக்க இங்கிலீஷ். முன் வாங்கில் இருந்தும் பாதி விளங்கவில்லை. முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போனது. அடுத்த செமஸ்டரில் ஒரு நாள் போகவில்லை, பிறகு இரண்டு நாள். ஆவணியோடு ஒரேயடியாக நின்றுவிட்டது.

கவலை என்றால் அழவாவது செய்யலாம். எனக்கு அழுகையும் வரவில்லை. கட்டிலில் கிடந்து ஃபேனைப் பார்ப்பேன். கடலோர ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும், போனதும் நின்றுவிடும். அந்த அறையில் நடந்தது அது ஒன்றுதான். தலை இழுக்க வேண்டும் என்று தெரியும், சீப்பும் மேசையில்தான் இருக்கும், கை போகாது. பல் தீட்டுவதே ஒரு பெரிய வேலையாகிவிட்டது. இதற்கு ஒரு பெயர் உண்டு, மருந்தும் உண்டு என்று பிறகு ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் துண்டு எடுத்துக் காத்திருந்த நாட்களில்தான் அறிந்தேன். முன்பே தெரிந்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெட்டை மனசு சரியில்லை என்று சொன்னால், முதலில் கேட்பது "ஆர் பெடியன்?" என்றுதான்.

தொடக்கத்தில் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவேன். வெள்ளவத்தை ஸ்டேஷன் வாங்கில் இருந்து, பம்பலப்பிட்டிப் பக்கம் போகிற ரயில்களில் மூன்று நாலைப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவேன். "நங்கி, அதத் கிளாஸ் நத்த?" என்று கீழே இருக்கிற சிங்கள செக்யூரிட்டி கேட்பார், தங்கச்சி, இன்றைக்கும் வகுப்பு இல்லையா என்று. மேலே போய் "லெக்சர் கான்சல் அங்கிள்" என்பேன். "ம்" என்பார். உலகத்திலேயே இவ்வளவு லெக்சர் கான்சலாகிற கம்பஸ் வேறு இருக்க முடியாது. அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. போகப்போக அந்த நடிப்பும் களைத்துவிட்டது. செருப்பு வாசலிலேயே கிடக்க, நான் அறைக்குள்ளேயே கிடந்தேன்.

ஏழு மணிக்கு மன்னாரிலிருந்து அம்மா போன் எடுப்பார். "சாப்பிட்டியா மகள்? கம்பஸில எல்லாம் ஓகேயா?" எந்த நாளும் இதே வரிசை. ஞாயிறு என்றால் பூசை பார்த்தனியா என்பதும் சேரும். எல்லாவற்றுக்கும் ஓம் அம்மா. நம்பட்டும் என்று, கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் இன்றைக்கு நல்ல சனம் என்றும் ஒரு வரி போட்டுவிடுவேன்.

மத்தியானச் சாப்பாடு பக்கத்து ஒழுங்கையில் ஓர் அன்ரி சமைத்துப் பார்சலாக வரும். அங்கிள் பார்சலைப் பிரிப்பார், சோற்றை ஒரு தரம் பிசைவார், திரும்ப மூடிவிடுவார். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு ரிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் என்னுடையதைப் பிரித்துவிட்டு மூடுவேன். நாலு மணிக்கு இரண்டையும் கொண்டுபோய்ப் பல்கனிச் சுவரில் கொட்டுவேன். வெள்ளவத்தைக் காகங்களுக்கு எங்களால் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் அங்கிள் ஆணி ஒன்றைத் தேடி எடுத்துத் தன் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அன்று மாலையும் "சந்தோஷமாக இருக்கிறார்" என்றே எழுதினேன்.

என்ன கறி என்று எழுதச் சொன்னது அண்ணாதான். "அதையும் போடும் தங்கச்சி, வாசிக்கச் சந்தோஷமா இருக்கும்" என்றார். மற்ற நாட்களுக்கு மீன், வெள்ளிக்கிழமைக்குப் பருப்பும் பூசணிக்காயும். அங்கிள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. அவ்வளவுதான் நான் ஞாபகம் வைத்திருக்க வேண்டியது. அதையும் விட்டேன். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எழுதக்கூட ஏலாமல், முந்தின நாள் மெசேஜை அப்படியே கொப்பி பண்ணி அனுப்பினேன். அதில் பிழை இருப்பது என் கண்ணில் படவே இல்லை. நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சிதான் இல்லை, மீன் கட்டாயம்.

நீலக் கோடு விழுந்தது. கும்பிடுகிற கை வரவில்லை. போன் அடித்தது.

"தங்கச்சி, அப்பா இண்டைக்கு மீன் சாப்பிட்டவரோ?"

"ஓம் அண்ணா."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ. எனக்குத் தெரிஞ்ச காலத்தில அப்பா வெள்ளியில மச்சம் தொட்டதேயில்லை. அப்பாவிட்டக் குடும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அங்கிளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவர் இல்லை என்று சொல்வார், என் கதை முடியும், நாளைக்குப் பெட்டி கட்ட வேண்டும் என்று நினைத்தேன். பயம் வரவில்லை. பெட்டியைக் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுக்க வேண்டுமே என்பது மட்டும் அலுப்பாக இருந்தது.

"ஓம் தம்பி," என்றார் அங்கிள். "சாப்பிட்டிட்டன். என்ன கிழமை எண்டு மறந்துபோனன்."

அண்ணா போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அண்ணா திரும்ப எடுத்தார். அப்பாவுக்கு மறதி தொடங்கிவிட்டது, இனித் தனியே விட முடியாது என்றார். இரத்மலானையில் மறதிக்காரரைப் பார்க்கிற ஒரு முதியோர் இல்லத்தில் அவர் முன்பே விசாரித்து வைத்திருந்தாராம். அங்கே கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்கும், ஆட்கள் வெளியே போய்த் தொலைந்துவிடாமல். திங்கட்கிழமை காலை வாகனம் வரும், அப்பாவின் உடுப்புகளை எடுத்து வையும் தங்கச்சி என்று சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. நான் சரி அண்ணா என்றேன். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்த மனிதரை ஒரு பூட்டிய கதவுக்குப் பின்னால் அனுப்பப் போவது நான் எழுதிய ஒரு வரி. அதை நிறுத்த என்னால் மட்டும்தான் முடியும். நிறுத்தினால் அறை போகும், கம்பஸ் கதை அம்மாவுக்குப் போகும். இதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் சனி முழுக்க ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கமும் இல்லை.

ஞாயிறு பின்னேரம் அங்கிள் என் கதவைத் தட்டினார். பையின் சிப் இறுகிவிட்டதாம். அவருடைய அறையில் ஐந்து சேர்ட் ஒழுங்காக மடித்துக் கட்டிலில் இருந்தன, அவற்றுக்கு மேலே மனைவியின் படம். என்ன கிழமை என்று தெரியாத மனிதர், மாத்திரைப் பெட்டியில் திங்கள் முதல் ஞாயிறு வரை நிரப்பி வைத்திருந்தார்.

"அங்கிள், ஏன் ஓம் எண்டு சொன்னீங்கள்?"

அவர் சிப்பை இழுத்துக்கொண்டே சொன்னார். "இல்லையெண்டு சொன்னா உம்மை அனுப்பிப்போடுவான். பிறகு நீர் எங்க போறது?"

"நான் எங்கயும் போவன்."

"அறைக்குள்ள நீர் கிடக்கிற கிடை எனக்குத் தெரியும் பிள்ளை. மனுசி போன பிறகு நானும் அப்பிடித்தான் கிடக்கிறன்." சிப் அசையவில்லை. பையை என் பக்கம் தள்ளினார். "எனக்கு மறதி எண்டா ஒருத்தரும் கோவிக்காயினம். வயசு எண்டு விட்டிடுவினம். உம்மை அப்பிடி விடுவினமோ?"

எனக்குக் கோபம் வந்தது. மாதக்கணக்கில் எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். யார் இவரைக் கேட்டது? என்னைச் சாட்டி மறதிக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு, ஐந்து சேர்ட்டோடு போய் இருக்கப் போகிறாராம். பையை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தேன். ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"அண்ணா, வெள்ளிக்கிழமை அப்பா மீன் சாப்பிடவில்லை. ஒன்றுமே சாப்பிடவில்லை. இரண்டு மாதமாக மத்தியானத்தில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. நான் பழைய மெசேஜைத்தான் அனுப்பினேன். அவருக்கு மறதி இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அவர் சந்தோஷமாக இல்லை."

அனுப்பும் முன் அங்கிளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வந்து தன்னுடைய கதிரையில் இருந்துகொண்டு முழுவதையும் கேட்டார். என்னைத் தடுப்பார் என்று நினைத்தேன்.

"பெல்ட்டையும் போடும்," என்றார்.

போட்டேன். நீலக் கோடு உடனே விழுந்தது. கனநேரம் ஒன்றும் வரவில்லை. ஆறே முக்காலுக்கு ஒரு வரி வந்தது. "நாளைக்கு வாகனம் வராது. நான் வாறன்." அதை அங்கிளிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டு வாசித்தார். பிறகு ரிவியைப் பார்த்தார். ரிவி ஓடவில்லை.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. அம்மா.

"சாப்பிட்டியா மகள்?"

"இல்லை அம்மா."

"கம்பஸில எல்லாம்..." என்று அடுத்ததற்குப் போன அம்மா நின்றார். "என்ன சொன்னனீ?"

"சாப்பிடேல்லை அம்மா," என்றேன். "கனநாளாச் சாப்பிடேல்லை."