காகிதம் ஊறும், தகடு ஊறாது

எங்கள் இரும்புப் பட்டறையில் எந்தத் தப்புக்கும் பழி கடல்காற்றின் மேல்தான். ராயபுரத்தில் காகிதம் ஈரம் குடித்து ஊறும், அது உண்மை. அதைச் சொல்லியே வரைபட அறையில் எல்லாரும் பிழைத்தார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. கூரைச் சட்டத்துக்கு எவ்வளவு கனமான இரும்பு வேண்டும் என்று பார்க்க நாங்கள் படம் வரைவோம். போன நூற்றாண்டு இத்தாலிக்காரர் ஒருவரின் முறை. வாலிபத்தில் துப்பாக்கி தூக்கிச் சண்டைக்குப் போனவர், பிறகு கணக்கு வாத்தியார், கடைசியில் ரோமில் பொறியியல் கல்லூரியை நடத்தியவர் என்று ஒரு புத்தகத்தின் முன்னுரையில் படித்தேன். முன்னுரை எழுதுகிறவன் புளுகுவான். ஆளை நான் நம்பவில்லை. முறையைச் சோதித்துப் பார்த்துத்தான் நம்பினேன். சட்டத்தின் ஒவ்வொரு இரும்புக்கும் இணையாக ஒரு கோடு; கோட்டின் நீளம்தான் அந்த இரும்பின் மேல் விழும் பாரம். எல்லாம் சரியென்றால் கடைசிக் கோடு தானே வந்து தொடங்கிய புள்ளியில் விழும். கையால் வரைந்தால் மயிரிழையாவது விலகும்.

திருவொற்றியூர் கிடங்குக்குப் புது இன்ஜினீயர் போட்ட படத்தில் விலகலே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அன்று மத்தியானம் சட்டத்தைத் தூக்குகிறார்கள். உச்சியில் உட்கார்ந்து போல்ட் முடுக்கப் போகிறவன் என் தங்கை புருஷன்.

கடைசிக் கோட்டில் செட்ஸ்கொயரை வைத்துப் பார்த்தேன். அது எந்த இரும்புக்கும் இணையாக இல்லை. மனுஷன் இணைகோடு வரையவில்லை. படம் மூடட்டும் என்று இரண்டு புள்ளிகளைச் சேர்த்துவிட்டிருந்தார்.

"காகிதம் ஊறியிருக்கும்" என்றார் இன்ஜினீயர், தலை நிமிராமல்.

"ஒரே ஒரு கோடு மட்டும் எப்டி சார் ஊறும்?"

மேஸ்திரி உள்ளே வந்தார். "மாமு, கிரேன் வந்துகினு கீது. நீ இன்னா பென்சில வச்சிக்கினு பேஜாரு பண்ற?"

"மேல குந்தப்போறது உன் மச்சான்னா நீ இன்னா பண்ணுவ?"

என் தங்கை புருஷன் வாசலில் நின்று சிரித்தான். "அந்த இத்தாலிக்காரன் நமக்கு இன்னா தோஸ்தா மச்சான்?"

நான் ஒரு இரும்புத் தகட்டை மேசைமேல் போட்டேன். "இதுல வரைங்க சார். இது ஊறாது."

வேறு வழியில்லாமல் வரைந்தார். கடைசியில் இரண்டு விரற்கடை இடைவெளி. மூட்டை தூக்கக் கூரையில் தொங்கும் கப்பியின் பாரத்தைச் சுவர் தாங்கும் கணக்கில் சேர்த்தவர், அது தொங்கும் இடத்தில் சேர்க்க மறந்திருக்கிறார். அந்த இடத்து இரும்புகள் மெலிசு.

கிரேன் திரும்பிப் போனது. இரும்பை மாற்றிய பிறகுதான் என் தங்கை புருஷன் மேலே ஏறினான். இறங்கி வரும்வரை நான் கீழே நின்றேன். இன்ஜினீயரையும் என் பக்கத்திலேயே நிற்கவைத்தேன்.