கூரை தின்ற சோளம்

எங்கள் ஐயாவுக்கு வீட்டைவிடத் தோட்டம்தான் பெரிது. சுன்னாகத்தை அண்டிய எங்கள் ஊரில் அந்தக் காலத்து ஆம்பிளைகள் எல்லாரும் அப்படித்தான் என்பதால் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அது உலகச் சண்டைக் காலம். கப்பல் ஒழுங்காக வராததால் அரிசிக்கும் தட்டுப்பாடு, கடையில் விற்கும் உரப் பசளைக்கும் தட்டுப்பாடு. புகையிலை நட்ட நிலத்தில் சோளம் போட்டோம். முதல் வருஷத்துப் பொத்திகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பொக்கை வாய் மாதிரி இங்கே ஒரு மணி, அங்கே ஒரு மணி. அதையும் இடித்துக் கூழ் காய்ச்சிக் குடித்தோம்.

மண் செத்துப்போச்சு என்று ஐயா முடிவுகட்டினார். எங்கள் பக்கத்தில் கூரை வேய்ந்த பனையோலை பழசானால் எறிய மாட்டார்கள். புது ஓலை வந்ததும் பழையதைப் பிரித்துத் தோட்டத்தில் கிடங்கு வெட்டிப் புதைப்பார்கள். அடுப்புப் புகை குடித்த ஓலை என்றால் இன்னும் விசேஷம், பூச்சி புழு கிட்ட வராதாம். அந்தப் புரட்டாதியில் ஐயா சோளத்தட்டை முழுவதையும் புதைத்தார். வேலி ஓலையையும் புதைத்தார். அதுவும் காணாது என்று அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

புது ஓலையோ இன்னும் வரவில்லை. தென்மராட்சியிலிருந்து வண்டியில் ஏற்றி அனுப்புவதாக ஐயாவின் தம்பி, எங்கள் குஞ்சியப்பு, சொல்லியிருந்தார். குஞ்சியப்புவின் சொல்லை நம்புகிற ஒரே மனிதர் ஐயாதான்.

“இஞ்சாருங்கோ, கைக்குழந்தையை வைச்சுக்கொண்டு ஆரும் கூரையைப் பிரிப்பினமே? ஓலை வரட்டுக்கும்” என்றா அம்மா.

“வண்டி நாளைக்கு வந்திடும். மழைக்கு முந்திப் புதைச்சால்தான் உக்கிப் பசளையாகும். நீ சும்மா இரு.”

கூரை இறங்கியது. எனக்கென்றால் ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குள் படுத்தபடி ஆகாயத்தைப் பார்க்கலாம், காகம் போவதைப் பார்க்கலாம். தவழத் தொடங்காத தம்பியும் என் பக்கத்தில் மல்லாந்து கிடந்து மேலே பார்த்துக் கையைக் காலை அடித்தான். அவனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

வண்டிக்கு முந்தி மழை வந்துவிட்டது. அதுவும் விடாமழை. சாக்கையும் பாயையும் கட்டிப் பார்த்தார்கள், எல்லாம் ஒழுகியது. அயல்வீட்டுக்குப் போவோம் என்று அம்மா கெஞ்சினா. மழைக்குள் கூரை பிரித்தவன் என்று ஊர் சிரிக்கும் என்றார் ஐயா. தம்பிக்குச் சளி கட்டி இழுப்பு வந்த பிறகுதான் அயலுக்குப் போனோம். ஊரில் வைத்தியம் பார்க்கும் பரியாரியார் வந்து பார்த்துவிட்டு ஐயாவின் முகத்தைப் பார்க்காமலே படலையைத் திறந்துகொண்டு போனார். கடைசியில் ஓலை வண்டி வந்து நின்றபோது எங்கள் வீட்டில் செத்தவீடு. வண்டிக்காரன் ஓலையை இறக்குவதா விடுவதா என்று தெரியாமல் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றான்.

அந்த முறை சோளம் என்னமாய் வளர்ந்தது! ஐயாவின் தலைக்கு மேலே போனது. தோகை கரும்பச்சை. தையில் பொத்தியை உரித்தால் ஒரு மணி இடைவெளி இல்லை. பாதையால் போனவர்கள் உள்ளே வந்து, என்ன பசளை போட்டாய் என்று கேட்டார்கள். ஐயா மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார்.

முதல் நாள் அவித்த பொத்திகளை அம்மா எங்களுக்கு வைத்தா. தன்னுடையதை எடுத்து என் தட்டில் போட்டா.

“எனக்கு வேண்டாம். நீ தின் பிள்ளை.”

ஐயா குனிந்த தலை நிமிராமல், ஒரு மணி விடாமல் தின்றார். அடுத்த நாளும் அப்படித்தான். சோளம் முடியும் வரைக்கும் அப்படித்தான்.

எனக்கு இரண்டு பங்கு கிடைத்த சந்தோஷம். அம்மாவுக்குச் சோளம் பிடிக்காது, ஐயாவுக்கு நல்ல விருப்பம் என்று நினைத்துக்கொண்டேன்.