ஏழாம் எண் மருத்துவர்

பனி உறையும் மினசோட்டாவில் பிப்ரவரி மாதம் ஒருவரைச் சாக்ஸ் கழற்றச் சொல்வது ஏறக்குறையக் கொலை முயற்சி. டாக்டர் வெர்னா லிண்ட்குவிஸ்ட் இருபத்திரண்டு வருடங்களாக அதைத்தான் செய்துவந்தார். சர்க்கரை நோயாளி எதற்கு வந்தாலும் பூட்ஸ் கழல வேண்டும், இரண்டு அடுக்குக் கம்பளிச் சாக்ஸ் கழல வேண்டும், விரல் இடுக்கெல்லாம் பார்த்தாக வேண்டும்.

"எனக்குக் காதுதான் வலிக்குது டாக்டர்!"

"காது எங்கயும் ஓடிடாது. காலைக் காட்டுங்க."

நோயாளிகளின் செலவை ஏற்கும் காப்பீட்டுத் திட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை அது மருத்துவர்களுக்கு மதிப்பெண் அட்டை போட்டது. நாகரிகம் கருதிப் பெயர் கிடையாது, எண் மட்டும். ஊரில் இருப்பதே ஒன்பது மருத்துவர்கள். ஏழாம் எண் யாரென்று மருந்துக்கடைப் பூனைக்கும் தெரியும். பாத மருத்துவரிடம் அனுப்பியது, தனிச் செருப்பு எழுதித் தந்தது என்று வெர்னாவின் அட்டை முழுக்கச் சிவப்பு, அதாவது செலவு அதிகம். இந்தமுறையும் சிவப்பென்றால் ஒப்பந்தம் ரத்து. வெர்னாவின் அறுநூறு நோயாளிகளும் வேறு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒன்பது பேரும் மதிப்பாய்வுக்குக் கூடினார்கள். அவர்களில் ஒருவரும் கூட்டத் தலைவருமான ஆர்லோ ஹால்வர்சன் தொண்டையைச் செருமினார்.

"ஏழாம் எண் மருத்துவர் யாரா இருந்தாலும் சரி..."

"எதிர்லதானே உக்காந்திருக்கேன் ஆர்லோ."

"விதி விதிதான். அவருக்குச் செருப்புச் செலவு மத்தவங்களைவிட மூணு மடங்கு. ஆஸ்பத்திரியா, செருப்புக்கடையா?"

"அடுத்த பக்கம் திருப்பு."

"அது சிகிச்சைத் தரம். அதுல சர்க்கரையால காலை வெட்டி எடுத்த நோயாளிங்க எண்ணிக்கைல உன் கட்டம் காலி. தகவல் வரலைன்னு கம்ப்யூட்டர் உன்னைக் கழிச்சிடுச்சு."

"தகவல் வந்திருக்கு. காலைத்தான் எடுக்கலை. நாலு வருஷமா ஒண்ணுகூட இல்லை."

திட்டத்தின் குமாஸ்தா ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டினார். உண்மைதான். மற்ற எட்டுப் பேரிடமும் சேர்த்துப் பதினோரு கால்கள். ஒரு காலை எடுக்கும் செலவில் நூறு பேருக்குச் செருப்பு வாங்கலாம் என்றும் அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். எட்டுப் பேரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

"ஏழாம் எண்ணுக்கு ஒப்பந்தம் நீட்டலாமா?" என்றார் ஆர்லோ. ஒன்பது கைகள் உயர்ந்தன.

"நீ கை தூக்கக் கூடாது வெர்னா!"

"ஏழாம் எண் யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சிரிப்பில் கூட்டம் கலைந்தது. வெர்னா பனியில் சறுக்காத குறையாகத் தன் மருத்துவமனைக்கு ஓடிவந்து செய்தியைச் சொன்னார். காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். மூலையில் ஒரு பெரியவர் மட்டும் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"சந்தோஷம் டாக்டர். நான் நாப்பது நிமிஷமா உக்காந்திருக்கேனே, இதை எந்தக் கட்டத்துல போடுவாங்க?"

"சிவப்புலதான்," என்று சிரித்தபடி வெர்னா அவரை உள்ளே அழைத்துப்போனார்.