சிவப்பு நூல் கட்டிய பதினொரு ஓபோக்கள்

நான் துளை குடைந்த பதினொரு ஓபோக் குழல்களை மதாம் பெனார் ஒரே காலையில் தள்ளிவிட்டார். ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நூல் கட்டினார். நூல் கட்டினால் விற்க ஆகாது என்று அர்த்தம். ஒன்பது வருஷமாகியும் என் மனசு ஆறவில்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் என் துளையில் அதுவரை ஒருவரும் குறை கண்டதில்லை.

எங்கள் ஊரான லா கூத்தூரில் வீட்டுக்கொருவர் குழலுக்காகக் கருமரத்தைக் கடைகிறவர். மதாம் கடைகிறவர் இல்லை; முடிந்த குழலில் நாணலைச் சீவிச் செய்த சீவாளியைச் செருகி ஊதிப் பார்த்து, தேறும் தேறாது என்று சொல்கிறவர். புருஷன் குண்டுவீச்சில் செத்த பிறகு பிடித்த வேலை, இருபத்தைந்து வருஷம். ஞாயிற்றுக்கிழமை ஊர் வாத்தியக் குழுவில் வாசிப்பார், பிறகு ஒரு கோப்பை ஆப்பிள் கள். வேறு பொழுதுபோக்கு கிடையாது.

அவருக்கு நாதம் ஊசி மாதிரி இருக்கவேண்டும். அறுபது வயலின்களுக்கு நடுவிலும் குத்திக்கொண்டு வெளியே வரவேண்டும். அவர் வேலைக்கு வந்தபோது எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அப்புறம் ஜனங்களின் காது மாறிவிட்டது. அமெரிக்காக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் கனத்த நாதம் வேண்டும், கொஞ்சம் இருட்டு வேண்டும் என்றார்கள். ஆர்டர் பாதியானது. பட்டறை முதலாளி ரீமர் என்கிற துளைக்கருவியைப் புதிதாக வரவழைத்து, துளையை முன்பைவிட மயிரிழை அகலமாகக் குடையச் சொன்னார். அதில் குடைந்த முதல் பதினொன்றுதான் நூல் வாங்கின.

"சளி பிடிச்ச வாத்து மாதிரி கத்துது ரெமி. இதுக்கு நான் முத்திரை குத்தணுமா?"

"வரைபடத்துல இருக்கறபடிதான் குடைஞ்சிருக்கேன் மதாம். உங்க காதுதான் பழசு."

"அப்ப நீயே ஊது. ஊர்ல இருக்கற வாத்தெல்லாம் வந்து வரிசையா நிக்கட்டும்."

பட்டறையே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை ரோட்டர்டாமிலேருந்து ஓபோ வாசிக்கறவர் ஒருத்தர் வர்றார். அவர் இதுங்களை எடுத்துக்கிட்டார்னா, சோதனை அறையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன் மதாம்" என்றார்.

வந்தவர் நூல் கட்டிய குழலொன்றில் தன் சீவாளியைச் செருகி ஊதினார். வாத்து இல்லை. பெரிய வயலினான செல்லோ நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது போலிருந்தது. பதினொன்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

மதாம் அந்தச் சீவாளியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாங்கள் நுனியில் மட்டும் சீவுவோம். அது பாதிக்கும் கீழே வரை சீவியிருந்தது. இத்தனை வருஷமாக எல்லாக் குழலையும் அவர் தன் கையால் சீவிய ஒரே மாதிரிச் சீவாளியில்தான் சோதித்திருக்கிறார். புதுத் துளைக்கு வேறு சீவாளி வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சத்தியமாக எனக்கும் தோன்றவில்லை.

"தப்பு என்னுதுதான்" என்று முதலாளியிடம் சொன்னார். பதினொரு நூலையும் தானே வெட்டினார். சோதனை அறைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியேறினார்.

திங்கட்கிழமை காலை என் லேத் முன்னால் வந்து நின்றார். கையில் அவருடைய சொந்த ஓபோ, வாத்தியக் குழுவில் வாசிப்பது.

"இதையும் அந்த ரீமர்ல குடை."

"குடைஞ்சா பழையபடி ஆக்க முடியாது மதாம். சீவாளியை மட்டும் மாத்திப் பாருங்க."

"அவர் மாதிரியே சீவி ரெண்டு நாளா மாத்தித்தான் பார்த்தேன். அந்த நாதம் பாதிதான் வருது." குழலை மூன்றாகக் கழற்றி, மேல்துண்டை என் கையில் வைத்தார். "வாங்கறவங்களுக்கு என்ன கேக்குதோ, அது எனக்கும் கேக்கணும். குடை, ரெமி."