முனிகிருஷ்ணன் வீட்டு பேட்டரி கட்டைகள்

டிவி ரிமோட்டின் முதுகைத் திறந்து இரண்டு பேட்டரி கட்டைகளையும் உருவிய முனிகிருஷ்ணன், ஒன்றைச் சிமெண்ட் தரைக்கு ஒரு சாண் மேலே நட்டுக்குத்தாகப் பிடித்து விட்டார். அது துள்ளி, சாய்ந்து, கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. அடுத்ததை விட்டார். அது விழுந்த இடத்திலேயே ‘டொக்’கென்று நின்றது.

“பாத்துக்கினியா சார், துள்ளுச்சுனா காலி. குந்திக்கினா இன்னும் சரக்கு கீது” என்றார். பிறகு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் துள்ளியதைத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்து, சுவர்க் கடிகாரத்தில் போட்டார். கடிகாரம் ஓடியது.

அவர் வீட்டில் எந்தக் கட்டையும் சட்டென்று செத்துவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் சர்வீஸ் உண்டு. “மொதல் போஸ்டிங் டார்ச்சு. அங்க வேல ஜாஸ்தி. வெளிச்சம் மஞ்சளா வந்துச்சுனா ரிமோட்டுக்கு டிரான்ஸ்பர். ரிமோட்டும் மக்கர் பண்ணுச்சுனா கடியாரத்துக்கு. அங்க இன்னா வேல? செகண்டுக்கு ஒரு தட்டு. உக்காந்த எடத்துல சம்பளம்!” ஒவ்வொரு டிரான்ஸ்பருக்கும் நடுவில் மொட்டைமாடியில் வெயில் காயும் விடுப்பும் உண்டு. ஒரு கோடையில், காய்ந்த வடகத்தோடு வடகமாக ஒரு கட்டை டப்பாவுக்குள் போய், எண்ணெய்ச் சட்டியின் விளிம்பு வரை வந்து, அவர் மனைவி கமலம்மாவின் கண்ணில் பட்டுத் தப்பித்தது. அதை வாங்கித் துடைத்து அவர் ரிமோட்டில்தான் போட்டார்.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. கணவன் மனைவி இருவரும் பவர்லூம் ஷெட்டில் வேலை செய்கிறவர்கள். கல்யாணமான புதிதில் சேர்ந்த ஷெட், இன்றைக்கும் அங்கேதான். முனிகிருஷ்ணனின் புருவத்தில் எப்போதும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். கோயிலில் அவர் அம்மனிடம் ரகசியமாக வேண்டிக்கொள்வது செருப்பு விடும் இடம் வரைக்கும் கேட்கும்.

பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் யோகேஷ், அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்தாலே பேட்டரி அட்டையை எடுத்துக் கீழே ஒளித்து வைப்பான். வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டையையும் கல்லாப் பெட்டியின் மேல் போட்டுப் பார்ப்பார் என்ற பயம்.

இந்த ராஜாங்கத்தில் முதல் குழப்பத்தை உண்டாக்கியவள் மகள் ரேகா. நாயுடுபேட்டை பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒரு லீவுக்கு வந்தபோது சார்ஜரும் நான்கு கட்டைகளும் வாங்கி வந்தாள்.

“நைனா, இத்த தீந்தா தூக்கிப் போட வேணாம். செவுத்துல சொருகி வெச்சா திரும்ப ரொம்பிடும்.”

முனிகிருஷ்ணன் ஒரு கட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தார். “அப்போ இதுக்கு ரிடயர்மெண்ட்டே கெடையாதா?”

“இப்போதிக்கி கெடையாது.”

“பாவம்டி” என்றார்.

ஆனால் மதம் மாறியவர்களுக்கே உரிய வேகம் அவருக்கும் வந்துவிட்டது. ஊரில் உள்ள கடிகாரம், டார்ச், ரிமோட், எடை மெஷின் எல்லாவற்றுக்கும் சார்ஜ் கட்டைதான் என்று பிரச்சாரம் ஆரம்பித்தார். தன் வீட்டில் இருந்து தொடங்கினார். கொஞ்ச நாளில் கடிகாரம் நின்றது. சார்ஜ் ஏற்றிப் போட்டார், ஓடியது, மறுபடி நின்றது. வேலை செய்யாமலே களைத்துப் போகிற கட்டை அது என்பது அவருக்கு யாரும் சொல்லாத சங்கதி. அப்புறம் ஒரு சாயங்காலம், கரண்ட் இல்லாத நேரத்தில், எதிர்வீட்டில் பாம்பு என்று கூச்சல். மாதக்கணக்கில் அலமாரியில் சும்மா கிடந்த டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அது ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. பாம்பு வந்த வழியே போய்விட்டது. அதற்கு வெளிச்சம் தேவைப்படவில்லை.

மூன்றாவதுதான் பெரிது. சார்ஜரில் இடம் காலியாக இருக்கிறதே என்று, சாதாக் கட்டை ஒன்றையும் அதில் சொருகிவிட்டார். அது ‘உஸ்’ஸென்று மூச்சுவிட்டு, பழுப்பாக ஒழுகி, சார்ஜரையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. ரேகா போனில் போட்ட சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. “வெடிச்சிருந்தா கண்ணு போயிருக்கும் நைனா! அதான் அது மேலயே போட்டுகீதே, சார்ஜ் பண்ணாதனு!” மறுமாதமே புது சார்ஜரும் அனுப்பிவைத்தாள்.

அடிபட்டு வந்த ஞானத்தை அவர் ஒரே மூச்சில் சொல்வார்: “தெனம் வயிறாரத் துன்ற சாமானுக்கு சார்ஜு கட்ட. எப்பவோ கொறிக்கிற சாமானுக்கு சாதா கட்ட. ரெண்டயும் ஒரே வூட்ல குடி வெக்காத. அந்தே!” கடைசிச் சொல் தெலுங்கில் விழுந்தால் தீர்ப்பு முடிந்தது என்று அர்த்தம். பஜனைக் கோஷ்டியின் கையடக்க மைக்குக்குச் சார்ஜ் கட்டை போகும். சுவர்க் கடிகாரத்துக்கும் அவசர டார்ச்சுக்கும் சாதாக் கட்டை வரும். தெருவே இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் கமலம்மாவை யாரும் கவனிக்கவில்லை. கூட்டத்தில் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார். ரேகாவின் போன் வந்தால், “நீயே பேசுய்யா, எனக்கு வேல கீது” என்று அடுப்படிக்குள் போய்விடுவார். சாதுவான பொம்பளை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

போன ஆடியில் ஒருநாள் தெருவுக்குள் ஒரு டிராக்டர் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டேதான் வந்தான். கமலம்மா தண்ணீர்க் குடத்தோடு நடுத்தெருவில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். டிரெய்லரின் முனை இடித்து, குடம் ஒருபக்கம், அவர் ஒருபக்கம். முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. டிரைவர் இறங்கி வந்து பயத்தில் கத்தினான்: “செவுடா உனக்கு? எவ்ளோ நேரமா அடிச்சிக்கினு வரேன்!” கமலம்மா தரையில் உட்கார்ந்தபடியே அவன் வாயைப் பார்த்தார். அடிபட்டதா என்று விசாரிக்கிறான் என நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. “ஒண்ணும் இல்ல நைனா, நீ போ” என்று அவனைப் பார்த்துச் சிரித்தார்.

முனிகிருஷ்ணன் வாசலில் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்தார். அன்று மாலை அவர் ரேகாவுக்குப் போன் போட்டு, “அம்மாவுக்குக் காது கேக்கலடி” என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு அது தெளிவாகவே கேட்டது.

திருப்பதியில் காது டாக்டரிடம் போக ரேகா ஏற்பாடு செய்தாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. “சார், நீங்க கூடப் போங்க. நைனாவ தனியா உட்டா டாக்டருக்கே கிளாஸ் எடுப்பாரு” என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, தறிச் சத்தம் தின்ற காது, போனது திரும்பாது, இருப்பதை வைத்து நன்றாகக் கேட்க மெஷின் உதவும் என்றார். அடுத்த அறையில் மெஷின் பொருத்துகிற சுமித்ரா என்ற பெண் இருந்தாள். “கூர்ச்சோண்டம்மா” என்று தெலுங்கில் உட்காரச் சொல்லித் தொடங்கி, எங்கள் தமிழைக் கேட்டதும் தானும் தமிழுக்கு வந்தாள். முதலில் வலது காதுக்கு மட்டும் போதும் என்று மாதிரிக்கு ஒரு மெஷினைப் பொருத்தினாள். பிறகு மேஜை மேல் இரண்டு பெட்டிகளை வைத்தாள்.

“இது ராத்திரி டப்பால வெச்சி சார்ஜ் போடறது. இது பட்டன் பேட்டரி. வாரத்துக்கு ஒண்ணு மாத்தணும். எது வேணும்?”

முனிகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த கேள்வி அது. சார்ஜ் எத்தனை நேரம் நிற்கும், உள்ளே இருக்கும் பேட்டரி கிழடானால் யார் மாற்றுவது, பட்டன் எங்கே கிடைக்கும், வெயிலில் வைக்கலாமா என்று குடைந்தார். சுமித்ரா பொறுமையாகச் சொன்னாள். பட்டன் ஒன்றின் மேல் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரை உரித்துக் காட்டி, “இத எடுத்ததும் உடனே போடக்கூடாது. கொஞ்சம் காத்து வாங்கணும். காத்து பட்டாத்தான் இது வேலை செய்யும்” என்றாள்.

“மூச்சு உடுதா!” முனிகிருஷ்ணன் அந்தப் பட்டனைக் குனிந்து பார்த்தார். அது மூச்சுவிடும் சத்தம் கேட்குமோ என்பதுபோல் காதைக்கூட வைத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதெல்லாம் சரிம்மா. எங்க சட்டம் ஒண்ணு கீது. தெனம் வயிறாரத் துன்ற சாமானுக்கு சார்ஜு கட்டதான். காதுனா தெனம் துன்றதுதான? பெரிய பெட்டிய கட்டிக் குடு. அந்தே!”

“ஏன்யா இப்பிடிக் கத்துற?”

கமலம்மாவின் குரல். நாங்கள் மூவரும் திரும்பினோம். அவர் ஒரு கையால் வலது காதைத் தொட்டுக்கொண்டு கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பவும் பேசற மாதிரிதானமே பேசறேன்.”

“எப்பவும் இப்பிடித்தான் கத்துவியா?” கமலம்மா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “பாவம், சாரு வூடு பக்கத்துல கீது.” பிறகு, “காது ஆருது? என்னுதா, உன்னுதா?” என்றார்.

“உன்னுதுதான்.”

“என்ன ஒரு வார்த்த கேட்டியா?”

முனிகிருஷ்ணன் இரண்டு பெட்டிகளையும் மனைவி பக்கம் நகர்த்தினார்.

“எனக்கு இந்தப் பொட்டு மாதிரி கீறது போதும்” என்று கமலம்மா பட்டனைத் தொட்டார். “கரண்டு கீற வரைக்கும் தறி ஓடும். தறி ஓடறப்போ எனக்கு இன்னாத்துக்கு காது? கரண்டு நின்னாதான் எங்க தெருவுல நாலு பேரு வெளிய வந்து உக்காந்து பேசறாங்க. ஆரு வூட்ல இன்னா நடந்துச்சுனு அப்பதான் வெளிய வரும். மழக்காலத்துல காத்தடிச்சு கம்பம் சாஞ்சா ரெண்டு நாளிக்கி கரண்டு வராது. ஊரே பேசிக்கினு கீறப்போ என் காது மட்டும் டப்பாக்குள்ள படுத்துக்கினு கெடக்கணுமா?”

சுமித்ரா சிரித்துவிட்டாள். “அம்மா கரெக்டா சொல்றாங்க” என்றாள். தறியில் நிற்கும்போது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுக் காதை அடைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் இரண்டுமுறை சொன்னாள். சத்தம் வேண்டாத நேரத்தில் பேட்டரிக் கதவைத் திறந்துவிட்டால் போதும், மெஷின் அணைந்துவிடும் என்றும் காட்டினாள். “பட்டன் சின்னதா இருக்கே, மாத்த வருமாம்மா?” என்று கேட்டதற்கு, கமலம்மா அதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக எடுத்து, ஒரே திருப்பில் உள்ளே வைத்து மூடினார். அறுந்த இழையைக் கண்ணால் பார்க்காமலே முடிச்சுப் போடுகிற விரல்கள்.

முனிகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். சட்டம் உடைந்த வருத்தம் முகத்தில் இருந்தது. கூடவே வேறு எதுவோ இருந்தது. “இவ்ளோ பேச்சு எங்க சார் வெச்சிருந்தா?” என்றார், அவரால் முடிந்த அளவு மெதுவாக.

நகரி பஸ்ஸில் கமலம்மாவுக்கு ஜன்னலோரம். புதுக் காதுக்கு எல்லாமே செய்தி. கண்டக்டரின் டிக்கெட் மெஷின் கிர்ரென்றதும் திரும்பினார். முன்சீட்டில் யாரோ கேரி பேக்கைக் கசக்கியதும் திரும்பினார். தன் வளையலை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ரேகாவுக்குப் போன் போட்டு, அவரே பேசினார். “உன் குரலு ஏன்டி இவ்ளோ பெருசாயிடுச்சு?” என்று ஆரம்பித்தவர், வடமாலைப்பேட்டை தாண்டும் வரை போனைக் கீழே வைக்கவில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முனிகிருஷ்ணன் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.

புத்தூரில் பஸ் நின்று கிளம்பியபோது கமலம்மா களைத்துப் போயிருந்தார். ஒரே நாளில் அத்தனை சத்தம் அவருக்கு அதிகம். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். மெஷின் போட்ட காது கணவன் பக்கமாக இருந்தது. எதிரே லாரி வரும்போதெல்லாம் டிரைவர் ஹாரனை நீளமாக அழுத்தினார். ஒவ்வொரு முறையும் கமலம்மா தூக்கத்தில் திடுக்கிட்டு, புருவம் சுருங்கி, மறுபடி அடங்கினார்.

முனிகிருஷ்ணன் நடைபாதைக்கு அப்பால் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, பேசாமல் இருந்த என்னிடமே வாயில் விரலை வைத்துக் காட்டினார். அடுத்த லாரியின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியின் பக்கம் குனிந்து, சுண்டுவிரல் நகத்தால், அந்த மெஷினின் கடுகளவு பேட்டரிக் கதவை மெல்லத் திறந்துவிட்டார்.