அச்சுக் கோடு

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது காது சிவக்கவில்லை, முகம்தான் வெளுத்துப் போயிருந்தது. பேய் என்றதும் நடுராத்திரியை எதிர்பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், சபையில் ஆராதனை நடந்துகொண்டிருந்த நேரத்தில் நடந்தது.

மாமாவுக்குத் துணிக்கடை பொம்மைகள் செய்யும் பட்டறையில் வேலை. முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. இரண்டையும் ஒட்டினால் ஓர் உடம்பு. ஒட்டிய இடத்தில், காதுக்குப் பின்னால், ஒரு கோடு எழும்பி நிற்கும். அதை உப்புத்தாளால் தேய்த்து, வர்ணம் பூசி, கடைசியில் கண் வரைவது மாமாவின் வேலை.

பட்டறையில் முதன்முதலாகச் செய்த பொம்மை இன்னும் மூலையில் நின்றது. ஒரு சிறுமி. கோடு தேய்க்காதது, கண் வரையாதது. ஒடிந்துபோன ஒரு கையை மாமாதான் பசை போட்டு ஒட்டியிருந்தார். பெயர் குட்டியம்மா. அச்சைத் திறக்கும் முன் எல்லோரும் அவள் காலைத் தொட்டு, "குட்டியம்மா, பாத்துக்கோ" என்பார்கள். விரிசல் விழாதாம். மாமா மட்டும் தொடமாட்டார். சின்ன வயதிலேயே பத்துக் கட்டளைகளை மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர் ஆயிற்றே.

"இதுக்குக் கையையே நான்தான்டா ஒட்ட வச்சேன். இது என்னைப் பாத்துக்குமா?" என்று கிண்டலடிப்பார்.

அப்போதுதான் மாமாவின் மகள் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு வயது, ஒரே பிள்ளை. உடம்பு அனலாய்க் கொதிக்க, கண்ணை மூடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாமா முழங்கால் தேய ஜெபித்தார். உபவாசம் இருந்தார். சபையே சேர்ந்து அழுதது. சனிக்கிழமை டாக்டர் வந்து, "மனசைத் தேத்திக்கோங்க" என்றார். பெற்றவனிடம் சொல்கிற வார்த்தையா அது?

மறுநாள் சபைக்குப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கால்கள் பட்டறைக்குப் போயின.

உள்ளே யாருமில்லை. வர்ணத்தில் கலக்கும் தின்னர் வாசனை. எங்கோ தூரத்தில் சபையின் பாட்டுச் சத்தம். குட்டியம்மாவின் முன் மண்டியிட்டார்.

"ஆண்டவர் கேக்கல. நீயாவது கேளு. எம் பிள்ளையை எழுப்பிக் குடு. உனக்குக் கண்ணு வரையறேன்."

அவள் காலில் நெற்றியை வைத்தார். பிறகு பிரஷ்ஷை எடுத்தார். இடது கண்... வலது கண்... கை நடுங்கவேயில்லை. அதுதான் தனக்குப் பயமாக இருந்தது என்றார்.

கடைசிப் புள்ளியை வைத்தார்.

பாட்டுச் சத்தம் பாதியில் நின்றது.

'டிக்'... ஒட்டிய கை லேசாக அசைந்தது.

போன் அடித்தது.

"என்னங்க! பாப்பா கண்ணத் திறந்துட்டா! உங்களத்தான் கேக்குறா!"

ஓடினார். பாப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் இருந்த சுவடே இல்லை. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். மாமாவும் பிள்ளையைக் கட்டிக்கொண்டு தேம்பினார். உடம்பு சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டால் அப்படித்தான் என்றாள் அக்கா. தலைமுடியில் தின்னர் வாசனை. தன் கையில் ஒட்டியிருந்த வாசனைதான் என்று நினைத்து, போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். வாசனை போகவில்லை.

பாப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்காமல்.

திங்கள் காலை. அக்கா டீ வாங்கப் போயிருந்தாள். மாமா பாப்பாவுக்குத் தலை வாரிவிட்டார். காதுக்குப் பின்னால் விரல் பட்டது.

ஒரு கோடு.

மேலிருந்து கீழே... கழுத்து வரை...

தேய்க்காத கோடு.

பாப்பா மெல்லத் திரும்பினாள்.

"கைய ஒட்ட வச்சது நீதானேப்பா? இப்ப யாரு யாரைப் பாத்துக்குறது?"

செருப்புகூடப் போடாமல் பட்டறைக்கு ஓடினார். மூலை காலியாக இருந்தது.

"கண்ணு பிரமாதமா வரைஞ்சிருக்கியே!" என்றார் முதலாளி. "இத்தனை நாளா விலை போகாம கெடந்துச்சு. காலையில வந்த வியாபாரி பாத்ததும் தூக்கிட்டுப் போயிட்டான். எந்த ஊரு கடைக்குப் போகுதோ, யாருக்குத் தெரியும்?"

பொம்மையை வண்டியில் ஏற்றிவிட்ட பட்டறைப் பையன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"அது ஏண்ணே அப்படிக் கொதிக்குது? காய்ச்சக்காரப் பிள்ளையத் தூக்குன மாதிரி..."

மாமா வேலையை விட்டுவிட்டார். ஊர் ஊராகப் போய்த் துணிக்கடைகளில் நிற்கிறார். சிறுமி பொம்மை எதைக் கண்டாலும் அதன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். கடைக்காரர்கள் விரட்டுகிறார்கள். ஜெபிக்கலாமே என்றால், எந்த முகத்தோடு என்று கேட்கிறார். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் புத்தி பிசகிவிட்டது என்று அக்கா சொல்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன வாரம் வரை.

அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நகவெட்டி கேட்டேன். அலமாரியெல்லாம் தேடிவிட்டு வந்தாள்.

"எங்க போட்டேன்னே தெரியலடா. ஆஸ்பத்திரியில இருந்து வந்து மூணு வருஷம் ஆச்சு... பாப்பாவுக்கு நகமே வெட்டினதில்ல. வளர்ந்தாத்தானே."