டெல்லியிலிருந்து இன்னும் வரவில்லை

அபயாம்பாள் தன் வாழ்நாளில் முப்பது வருஷத்தை மற்றவர்கள் பேசுவதற்காகவே செலவழித்தவள். தொலைபேசித் துறையில் டிரங்க் கால் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். திருச்சியையும் பம்பாயையும் கோர்த்துவிடுவாள். இரண்டு பக்கமும் ஹலோ சொன்னதும் விலகிக்கொள்வாள். எத்தனையோ கல்யாணம் நிச்சயமானதையும் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்ததையும் குடும்பத்தாருக்கு முன்னால் கேட்ட காது அவளுடையது. ஆனால் நடுவில் ஒரு ‘அடடா’ கூடச் சொல்லக்கூடாது. “மூணு நிமிஷம் ஆயிடுத்து சார், நீட்டிக்கலாமா?” என்பது மட்டும்தான் அவளுக்கு அனுமதிக்கப்பட்ட பேச்சு. பிறகு மெஷின்கள் வந்தன. அவளை பில் செக்‌ஷனில் உட்கார வைத்து, கடைசியில் விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். யாருடைய விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை.

வீடு என்றால் மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடி ஃபிளாட். அவளும் கணவர் ஸ்ரீரங்கனும் மட்டும். அவரும் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். அவருடைய பழைய சகா ஜெயராம் நந்தனத்தில் இருந்தார். மொட்டை மாடியில் கம்பி கட்டி, செட் வைத்து, ஊர் உலகத்தோடெல்லாம் பேசுகிற ஹாம் ரேடியோக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கான பரீட்சைக்கு வகுப்பு எடுக்கிறேன் என்று ஜெயராம் கூப்பிட, ஸ்ரீரங்கன் கிளம்பினார். “நீயும் வாயேன் அபயம், ஆத்துல தனியா உக்காந்துண்டு என்ன பண்ணப்போறே?” என்று அவளையும் அழைத்துக்கொண்டு போனது அவர்தான். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இருக்கப்போவதில்லை.

வகுப்பில் முதல் நாள் ஜெயராம் ஒன்று சொன்னார். பரீட்சை பாஸ் செய்தால் மட்டும் போதாது. அரசாங்கம் லைசென்ஸும் அதோடு ஒரு கால் சைனும், அதாவது ரேடியோவில் சொல்லிக் கூப்பிடும் பெயரும், தர வேண்டும். வி.யு. என்று தொடங்கி சில எழுத்துகள். உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அது வரும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் மைக்கைத் தொடக்கூடாது. அபயத்துக்கு இது புதிதல்ல. ஆனால் இந்த முறை அந்தத் தடைக்கு ஒரு முடிவு உண்டு என்பது அவளுக்கு என்னவோ செய்தது. தனக்கென்று ஒரு பெயர், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் முன்பின் தெரியாத ஒருவர் பதில் சொல்வார் என்பதை அவள் வாழைக்காய் நறுக்கும்போதுகூட நினைத்துக்கொண்டாள்.

இருவரும் எழுதினார்கள். இருவரும் பாஸ். கூடப் படித்த ஜுவேரியாவும் பாஸ்; அடையாறில் இருக்கிற கல்லூரி விரிவுரையாளர், வகுப்பில் அபயத்தோடு ஒட்டிக்கொண்ட பெண். இனி லைசென்ஸுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

“உன் பேப்பரையெல்லாம் கொடு. ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பண்ணிடறேன்” என்றார் ஸ்ரீரங்கன்.

கொடுத்துவிட்டாள். அந்த வீட்டில் அது வழக்கம். ஆதார், பான், காஸ், வங்கி எல்லாம் அவர் கையில். அவளுடைய ஆதாரில் இருப்பதுகூட அவருடைய மொபைல் நம்பர்தான். எந்தக் கதவைத் தட்டினாலும் ஓ.டி.பி. அவர் சட்டைப்பையில்தான் போய் மணி அடிக்கும். ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் இப்படி ஒரு மண்டுத்தனம் செய்யலாமா என்றால், நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் வேறு மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன்.

காத்திருப்பு தொடங்கியது. ஐப்பசி போனது, கார்த்திகை போனது.

“வந்துதான்னா?”

“இன்னும் வரலைடி. டெல்லி ஆபீஸ். அவா மெதுவாத்தான் பண்ணுவா.”

“உங்களுக்கு?”

“எனக்கும்தான் வரலை. போலீஸ் வந்து விசாரிச்சாலும் விசாரிப்பா, ஆத்தை ஒழிச்சு வை.”

அவள் வீட்டை ஒழித்து வைத்தாள். சோபா உறையை மாற்றினாள். வருகிற கான்ஸ்டபிளுக்கு வெறும் காபி மட்டும் கொடுத்தால் நன்றாக இருக்காதே என்று முந்திரி பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கி, ஸ்ரீரங்கன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தாள். நமத்துப் போனதும் இன்னொன்று வாங்கினாள். வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு ஓடினாள். கீரைக்காரம்மா வருவாள், கூரியர் வரும், போலீஸ் வரவில்லை.

சமையலறையில் ஒரு சின்ன சிற்றலை ரேடியோ இருந்தது. பால்கனித் துணிக்கொடியில் ஒரு ஒயரைச் சுற்றிவிட்டால் காலை நெட் கேட்கும். நெட் என்பது ஹாம்காரர்கள் தினமும் ஒரே நேரத்தில் கூடி, ஒருவர் நடத்த, மற்றவர்கள் வரிசையாகக் குரல் கொடுக்கும் கூட்டம். தாம்பரத்து ரகுபதி அதை நடத்துவார். அபயம் தோசை வார்த்துக்கொண்டே கேட்டு, யார் எப்படித் தொடங்குகிறார்கள், எப்படி விடைபெறுகிறார்கள் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பாள். மார்கழி பிறந்ததும் அதற்கு வழியில்லாமல் போனது. காலையில் மாட வீதி பஜனைக்குப் போய்விடுவாள். ஸ்ரீரங்கனும் அதே நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, நந்தனத்தில் நடக்கப் போகிறேன், மைதானத்தில் நல்ல காற்று என்று கிளம்புவார். மயிலாப்பூரில் பூங்கா இருக்கும்போது நடப்பதற்கு ஸ்கூட்டரில் ஏன் போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சந்தேகப்பட்டுப் பழக்கமில்லை.

ஒரு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. பாட முடியாது, பஜனைக்குப் போய் என்ன பயன் என்று அபயம் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவர் கிளம்பிப் போனபின்தான் எழுந்தாள். மிளகு ரசத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு ரேடியோவைத் திருப்பினாள்.

ரகுபதி கூப்பிட்ட அடுத்த நிலையத்தின் குரல் ஸ்ரீரங்கனுடையது.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். லைசென்ஸ் வந்துவிட்டது போலிருக்கிறது, ஜெயராம் வீட்டிலிருந்து பேசுகிறார், இன்றைக்குத்தான் வந்திருக்கும், வீட்டுக்கு வந்து சொல்லி ஆச்சரியப்படுத்தப்போகிறார் என்று நினைத்து, அடுப்பை மறந்து ரேடியோவுக்குக் கிட்டே போனாள். ஆனால் அவர் தயங்கித் தயங்கிப் பேசவில்லை. நேற்றைக்குச் சொன்ன ஆன்டெனா விஷயத்தைத் தொடர்ந்தார். போன வாரம் கொழும்புக்காரரோடு பேசியதைச் சொன்னார். கால் சைனைச் சொல்லும்போது நாக்கு புரளவில்லை. பழகிய வாய்.

நடுவில் ஜுவேரியா குரல் வந்தது. “ரங்கன் சார், அபயம் மேடத்துக்குக் கால் சைன் வந்துடுச்சா? அவங்களை இன்னும் ஏர்ல கேக்கவே இல்லையே.”

ஸ்ரீரங்கன் சிரித்தார். “அவளுக்கு நான் அப்ளையே பண்ணலைம்மா. ஆத்துல ரெண்டு பேரும் மைக்கைப் பிடிச்சிண்டு உக்காந்தா காபி யார் போடறது? அவளுக்கும் இதுல பெருசா இஷ்டம் இல்லை. எனக்குத் துணையாத்தான் பரீட்சை எழுதினா.”

யாரோ இருவர் சிரித்தார்கள். ரகுபதி அடுத்த நிலையத்தைக் கூப்பிட்டார்.

அபயம் நின்ற இடத்திலேயே நின்றாள். ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. இல்லை, எனக்கு இஷ்டம் உண்டு என்று சொல்ல வேண்டும். அத்தனை பேரும் அங்கேயே இருக்கிறார்கள், ஒரு கை தூரத்தில் பேசுகிறார்கள், அவளால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்திலும் அப்படித்தான். ஆனால் அங்கே யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. அந்த முந்திரி பிஸ்கட்டை நினைத்ததும் வெட்கமாக இருந்தது. வராத போலீஸுக்காகச் சோபா உறை மாற்றியவளைப் பார்த்து அவர் உள்ளுக்குள் எத்தனை நாள் சிரித்திருப்பார்?

அவர் வந்ததும் கேட்டாள், வழக்கம்போல. “வந்துதான்னா?”

“இல்லைடி. பொங்கல் கழிச்சுத்தான் இனிமே.”

காபியை ஆற்றிக் கொடுத்தாள். குடித்தார்.

ஒரு வேளை சோம்பல், சொல்ல வெட்கம், நாலு பேர் முன்னால் ஏதோ ஜம்பம் என்று அவளே அவருக்காக வாதாடிப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி. ஆனால் தை பிறந்து பஜனை முடிந்தது. மறுநாளே அவர் சமையலறைக்கு வந்து, “இந்த ரேடியோ ஜெயராமுக்கு வேணுமாம், பத்து நாள் கொடுத்துட்டு வரேன்” என்று துணிக்கொடியிலிருந்த ஒயரையும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார். ஜெயராம் வீட்டில் ரேடியோவுக்கா பஞ்சம்? காலையில் இனி இவள் வீட்டில் இருப்பாள், கேட்டுவிடுவாள் என்பதுதான் கணக்கு. அப்போது அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. வாயில் வந்த ஒரு பொய் வேறு, காதையும் சேர்த்து அடைப்பது வேறு. முதலாவதைப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் தேடியவளுக்கு இரண்டாவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சண்டை போடவில்லை. அவருடைய ஃபைலிலிருந்து தன் பேப்பர்களை எடுத்துக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் போய், வரிசையில் நின்று, ஆதாரில் தன் நம்பரைப் போட்டுக்கொண்டாள். பிறகு அடையாறுக்குப் பஸ் ஏறினாள்.

ஜுவேரியா கதவைத் திறந்ததும் தடுமாறினாள். “நீங்களே வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன் மேடம்.”

“நான் சொல்லலைம்மா. எப்படிப் பண்ணணும்னு மட்டும் சொல்லு. நானே அடிக்கறேன்.”

தப்பும் தவறுமாக அடித்து, திரும்ப அடித்து, விண்ணப்பம் போனது. இந்த முறை ஓ.டி.பி. அவள் கைப்பைக்குள் மணி அடித்தது.

மறுபடியும் காத்திருப்பு, ஆனால் இது வேறு. தினமும் அவரிடம் “வந்துதான்னா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாளாவது உண்மையைச் சொல்ல மாட்டாரா என்றுதான் கேட்டாள். அவர் சொல்லியிருந்தால் இந்தக் கதையே வேறு. “டெல்லிக்காராளை நம்பப்படாது” என்று ஒரு நாள் சலித்துக்கொண்டார். அபயம் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மாசியில் வந்தது. ஒரு மெயில், அதில் லைசென்ஸ், அதில் அவள் பெயர், அதற்கு எதிரே கால் சைன். ரங்கநாதன் தெருவில் தலையணை உறை வாங்கிக்கொண்டிருந்தபோது பார்த்தாள். இரண்டு பக்கமும் ஜனம் இடிக்க, அந்த எழுத்துகளை வாய்விட்டு இரண்டு தரம் சொன்னாள். கடைக்காரன், “இன்னாம்மா, இன்னா சைஸ் ஓணும்?” என்றான்.

மறுநாள் காலை ஜுவேரியா வீட்டு செட்டின் முன்னால் உட்கார்ந்தாள். புதிய நிலையம் ஏதாவது உண்டா என்று ரகுபதி கேட்டதும் மைக்கை அழுத்திக் கால் சைனைச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. முப்பது வருஷத் தொழில்.

“வெல்கம்! பேர், ஊர் சொல்லுங்க.”

“பேர் அபயாம்பாள். மயிலாப்பூர்.”

வாழ்த்துகள் வரிசையாக வந்தன. ரகுபதி விஷயம் புரியாமல், “ரங்கன் சார், உங்க ஊர்க்காரங்க. முதல் ரிப்போர்ட் நீங்க கொடுங்க” என்றார். புதிதாக வருகிறவருக்கு அவர் குரல் எப்படிக் கேட்கிறது என்று ஒருவர் எண்ணில் சொல்வதும், அவர் பதிலுக்குச் சொல்வதும் அங்கே மரியாதை. ஃபைவ் நைன் என்றால் குறையே இல்லாத தெளிவு.

வெறும் இரைச்சல். அப்புறம், “கேக்கறது. ஃபைவ் நைன்” என்றார் ஸ்ரீரங்கன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல்.

“உங்களுக்கும் ஃபைவ் நைன். மார்கழியிலேயே ஒரு நாள் கேட்டேன். சிரிச்சதுகூடத் தெளிவா இருந்தது. ஓவர்.”

ரகுபதி கனைத்துக்கொண்டு அடுத்த நிலையத்தைக் கூப்பிட்டார். ஜுவேரியா பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அபயத்துக்கு ஜெயித்த மாதிரி இல்லை. யாரோ முகம் தெரியாத ஒருவரோடு, மழை பெய்கிறதா, என்ன சாப்பிட்டீர்கள் என்று பேச நினைத்திருந்தாள். முதல் பேச்சே இப்படியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டே.”

“நீங்களும் நாலு பேர் முன்னாடிதான் சிரிச்சேள்.”

செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். “அங்கே நான் போனா ரங்கன் சார்ங்கறா. ஜெயராம் கிளாஸ்ல எல்லாரும் உன்கிட்டயே சந்தேகம் கேட்டா, உன்னையே புகழ்ந்தா. நீயும் வந்துட்டா அங்கேயும் நான் ஒண்ணுமில்லை. எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமேன்னு நெனச்சேன் அபயம்.”

அந்தக் குரலில் பொய் இல்லை. பல மாதத்தில் அவர் அவளிடம் சொன்ன முதல் உண்மை அது.

“கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேன்னா” என்றாள் அபயம். “எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்கோன்னு சொல்லியிருப்பேன்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று அவளுக்கே உறைத்தது. கேட்டிருந்தால் அன்றே, அந்த நிமிஷமே, முகம் சுளிக்காமல் கொடுத்திருப்பாள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை, கேட்டு வாங்கினால் அவளுக்குக் கடன்பட்டுப் போவோம் என்று திருடிக்கொண்டார். பஸ்ஸில் வரும்போதுகூட வராத அழுகை அப்போது வந்தது. அவர் எழுந்து கிட்டே வந்தார். அபயம் கையை நீட்டி அவரை அங்கேயே நிறுத்தினாள்.